மவுண்டிங் ரப்பருக்குப் பதிலா டயர் துண்டா?



தென்னைக்குக் குழி எடுக்கிறதுக்கு, சொட்டுநீர் பைப்புக்கு வாய்க்கால் பறிக்கிறதுக்கு, வேலியோரம் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தைப் பிடுங்கறதுக்குன்னு இப்ப எங்க ஊர்ப்பக்கம் எல்லாரும் கூப்பிடுறது மினி ஹிட்டாச்சியைத்தான். எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் நம்ம ஆளுக வாயில அது ஹிட்டாச்சிதான். பின்னாடி கை வெச்ச மஞ்ச வண்டியெல்லாம் ஜேசிபி ஆகிப்போன மாதிரி. பெரிய வண்டி தோப்புக்குள்ள பூந்தா ரெண்டு மட்டையாவது முறியும், வேரெல்லாம் நசுங்கும், வரப்பு காணாமப் போயிரும். இந்தச் சின்ன வண்டி கேட்டுக்குள்ள நுழைஞ்சு, மரத்துக்கு மரம் நடுவுல திரும்பி, வேலையை முடிச்சுட்டு வந்த வழியே போயிரும். அதனாலதான் இதுக்கு இவ்வளவு கிராக்கி.

இந்தப் பதிவு அந்த வண்டியோட எஞ்சினுக்கு அடியில இருக்கிற நாலு ரப்பரைப் பத்தினது. ஒரு மாசத்துல மூணு பேர் போன்ல இதையே கேட்டுட்டாங்க. "வண்டி ரொம்ப அதிருதுங்க, மவுண்டிங் ரப்பர் போயிருச்சாம், புதுசு வர்ற வரைக்கும் லாரி டயரை வெட்டி வெச்சா ஓடும்ங்கிறாங்க, வெக்கலாங்களா?"

வெக்கக்கூடாதுங்க. அதுதான் என் கருத்து. ஆனா "வெக்காதே"ன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போறது நியாயமில்லை. தவணை கட்டுற பையன் ஒருத்தன் ஏன் டயர் துண்டைத் தேடிப் போறான்னு பாத்தா, அதுல பாதிக் காரணம் வாடகைக்குக் கூப்பிடுற விவசாயிககிட்டயும் கிடக்குது. அதுக்குப் பின்னாடி வர்றேன். முதல்ல அந்த ரப்பர் என்ன வேலை செய்யுதுன்னு பாத்துரலாம்.

பழைய ஆளுகளுக்குக் கிணத்துமேட்டு ஆயில் எஞ்சின் ஞாபகம் இருக்கும். கரண்டு வராத காலத்துல கிர்லோஸ்கர் எஞ்சினைக் காங்கிரீட் பெட்டு போட்டு, நாலு போல்ட்டை அதுக்குள்ள பொதைச்சு இறுக்கி வெச்சிருப்பாங்க. ஒத்தை சிலிண்டர், "டுக் டுக்"னு அடிக்கும். ஆனாலும் அவ்வளவா நகராது. காரணம், அந்தக் காங்கிரீட் பெட்டோட எடை. எஞ்சின் குடுக்கிற உதறலை எல்லாம் அந்தப் பெட்டும் அடியில இருக்கிற பூமியும் வாங்கிக்கும். நடமாடுற வண்டிக்கு அந்த வசதி கிடையாது. எஞ்சினை நேரா சட்டத்துல போல்ட் போட்டு இறுக்கினா உதறல் முழுசும் சட்டத்துக்குப் போகும், அங்கிருந்து சீட்டுக்கு, லீவருக்கு, ஆப்ரேட்டர் கைக்கு, ஒவ்வொரு பைப் ஜாயிண்ட்டுக்கும். அதனாலதான் நடுவுல ரப்பர். மேல ஒரு இரும்புத் தட்டு, கீழ ஒரு இரும்புத் தட்டு, இடையில ரப்பரைச் சூட்டுல வேக வெச்சு இரும்போட ஒட்டியிருப்பாங்க. ரப்பர் வேற, இரும்பு வேறன்னு பிரிக்க முடியாத ஒரே சாமான் அது.

இந்த வண்டிகள்ல பெரும்பாலும் 3 சிலிண்டர் டீசல் எஞ்சின்தான். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்ல ஒவ்வொரு சிலிண்டரும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை வெடிக்கும். அப்ப மூணும் சேந்து ஒரு சுத்துக்கு ஒன்றரை வெடி. 2,200 ஆர்பிஎம்ல ஓட்டினா செகண்டுக்கு 55 வெடி. எட்டு மணி நேர வேலைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, ஏறக்குறைய 15 லட்சத்து 84 ஆயிரம் உதை. ஒரே நாள்ல. அதையெல்லாம் உள்ளங்கை அகல ரப்பர் நாலு வாங்கிக்குது. அதுக்கு மேல எஞ்சினோட ஒட்டினாப்புல ஹைட்ராலிக் பம்பு வேற தொங்கும். ரெண்டும் சேந்து மூணு டன் வகை வண்டியில இருநூறு கிலோவை ஒட்டி வரும். பக்கெட் பாறையில முட்டி நிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த மொத்த எடையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்கும்.

இங்கதான் டயர் துண்டு சங்கதி வருது. "அதுவும் ரப்பர், இதுவும் ரப்பர்"ங்கிறாங்க. அப்படியில்லைங்க.

குழந்தையைத் தூளியில போட்டு ஆட்டுறோம் இல்லையா, தூளிக்குன்னு ஒரு வேகம் இருக்கு. அந்த வேகத்துக்கு ஏத்தபடி தள்ளினா லேசாத் தொட்டாலே பெருசா ஆடும். அதைவிட ரொம்ப வேகமா படபடன்னு தட்டினா தூளி பெருசா ஆடாது, நின்ன இடத்துலயே நடுங்கும். எஞ்சினும் ரப்பர் மேல உக்காந்திருக்கிற ஒரு தூளிதான். அது தானா ஆடுற வேகம், எஞ்சின் ஓடுறப்ப வர்ற வெடியோட வேகத்தைவிட நல்லாக் குறைவா இருக்கோணும். அப்பத்தான் உதறல் சட்டத்துக்கு இறங்காது. கணக்குல சொன்னா வெடியோட வேகம் அதைப்போல 1.4 மடங்குக்கு மேல இருந்தாத்தான் ரப்பர் உதறலைக் குறைக்கவே ஆரம்பிக்கும். அதுக்குக் கீழ வந்தா குறைக்கிறதுக்குப் பதிலா கூட்டிவிடும். வண்டியை ஆஃப் பண்றப்ப கடைசியில ஒரு குலுக்கு குலுக்கி நிக்குது பாருங்க, எஞ்சின் வேகம் இறங்கி அந்த ஆபத்தான இடத்தைத் தாண்டிப் போறதாலதான் அது.

கம்பெனிக்காரன் இந்த எஞ்சின், இந்தப் பம்பு, இந்த எடைன்னு பாத்துத்தான் ரப்பரோட கடினத்தைத் தீர்மானிக்கிறான். ஷோர் ஏ-ன்னு ஒரு அளவு இருக்கு, ரப்பர்க் கடையில கேட்டா சொல்லுவாங்க. மவுண்டிங் ரப்பர் பொதுவா 40-லிருந்து 70 வரைக்கும் இருக்கும். ஒரே வண்டியில பம்பு இருக்கிற பக்கம் எடை அதிகம்ங்கிறதால அந்தப் பக்கத்து ரப்பருக்கு வேற நம்பரே இருக்கலாம். லாரி டயர் துண்டோ உள்ளுக்குள்ள நைலானோ கம்பியோ பின்னிக் கிடக்கிற சாமான். ரோட்டுல பாரம் தாங்கறதுக்குச் செஞ்சது. அதை வெட்டி வெச்சா ரப்பர் வெச்ச மாதிரி கண்ணுக்குத் தெரியும், வேலையில முக்கால்வாசி கட்டை வெச்ச மாதிரிதான். உயரமும் சரியா வராது. ஒரு மூலை அஞ்சு மில்லி ஏறினாலோ இறங்கினாலோ மீதி மூணு ரப்பரும் முறுக்கிக்கிட்டு நிக்கும். புதுசு ஒண்ணு வாங்கறதுக்குப் பதிலா மூணைச் சேத்துக் கெடுத்த கதை அது.

லேத்துல பாலியூரித்தேன் கட்டை கடைஞ்சு குடுக்கிறவங்களும் இருக்காங்க. டயருக்கு இது தேவலை, டீசல் பட்டா ஊறாது, பல வருசம் உழைக்கும். ஆனா பெரும்பாலும் ரொம்ப விறைப்பா இருக்கும். ரப்பர் உழைக்கும், வண்டி உழைக்காது.

ரப்பர் போனா என்னென்ன போகும்னு கேக்குறீங்களா? எஞ்சின் ஒரு பக்கம் சாயும். ஃபேன் எஞ்சினோட சேந்து ஆடும், ரேடியேட்டரும் அதோட கூடும் சட்டத்துல அசையாம நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல விரல்கடை இடைவெளிதான். ஒரு நாள் இறக்கை கூட்டுல உரசும், அடுத்த நாள் ஒடைஞ்சு ரேடியேட்டருக்குள்ள பூந்துரும். ஹைட்ராலிக் ஹோஸ் எதாவது இரும்பு விளிம்புல தேஞ்சு தேஞ்சு மேல்தோல் போய், உள்ள இருக்கிற கம்பிப் பின்னல் தெரியும். ஒயரிங் கட்டு உரசி ஷார்ட் ஆகும். சைலன்ஸர் பைப் விரிசல் விடும். அப்ப ஆப்ரேட்டர் "வண்டி சத்தம் மாறிருச்சு"ன்னு சொல்லுவார், ஓனர் சைலன்ஸரைப் பத்த வெச்சு ஒட்டுவார், மறுபடி விடும், மறுபடி ஒட்டுவார். மூணு தடவை வெல்டிங் செலவு பண்ணினதுக்கு அப்புறம்தான் யாராவது கீழ குனிஞ்சு ரப்பரைப் பாப்பாங்க. எங்க ஊர்ல ஒரு பையனோட வண்டி இப்படித்தான். நாலு தவணைக்கு ஆகுற காசு, ரேடியேட்டரும் ஹோஸும் ஃபேனுமா போச்சு. ஹோஸ் வெடிச்சது கிணத்தடியில. ஹைட்ராலிக் ஆயில் மண்ணுல கொட்டி, அந்தத் தோட்டத்துக்காரர் பத்து கூடை மண்ணை வெட்டி அப்புறப்படுத்த வேண்டியதாப் போச்சு. அந்த மண்ணுக்கு யாரும் காசு குடுக்கலை.

ரப்பர் ஏன் சீக்கிரம் போகுதுங்கிறதுக்கு நம்ம ஊர்ல முக்கியமான காரணம், டீசல் கசிவு. ஃபில்டர் மாத்துறப்ப ஒழுகினது, ரிட்டன் பைப்புல கசியறது, எல்லாம் எஞ்சின் மேலயே வழிஞ்சு கீழ போய் ரப்பர்ல நிக்கும். இயற்கை ரப்பர் உதறலை வாங்கறதுல கெட்டிக்காரன். ஆனா டீசல், ஆயில் ரெண்டும் அதுக்கு எமன். ஊறி, உப்பி, பிசுபிசுன்னு ஆகி, இரும்பை விட்டுப் பிரிஞ்சுரும். ஆயிலைத் தாங்குற நைட்ரைல் மாதிரி ரப்பர் வகைகள் இருக்கு. இருந்தாலும் மவுண்டிங்குக்கு இயற்கை ரப்பரைத்தான் பல இடத்துல விரும்பறாங்க, அதோட துள்ளல் குணத்துக்காக. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலயே ரப்பர் விளையுதுங்க. மரத்துல பால் வெட்டி எடுக்கிறதும் ஒரு வெள்ளாமைதான். அந்த விவசாயி விடியறதுக்குள்ள எந்திரிச்சு வெட்டி எடுத்ததை, ஒரு ரூபாய் வாஷர் மாத்தாம ஒழுகுற டீசல்ல ஊற விடுறதை நினைச்சா எனக்கு என்னமோ போல இருக்கும். சரி, அது என் பைத்தியம்.

இன்னொரு காரணம் பிரேக்கர். பாறை ஒடைக்கிற பிரேக்கரை மாட்டி நாள் கணக்கா அடிச்ச வண்டியை செகண்ட்ஸ்ல வாங்கி வர்றவங்க, மீட்டர்ல எத்தனை மணி ஓடியிருக்குன்னு மட்டும் பாக்குறாங்க. 3,000 மணி நேரம் மண்ணு வாரின வண்டியும், 3,000 மணி நேரம் பாறை அடிச்ச வண்டியும் ஒண்ணில்லை.

ரப்பர் போயிருக்கான்னு எப்படிப் பாக்கிறது? வண்டியைச் சமதரையில நிறுத்தி, பக்கெட்டைத் தரையில வெச்சு, சாவியை எடுத்துட்டு, எஞ்சின் ஆறினதும் பானட்டைத் திறங்க. துணியால ரப்பரைச் சுத்தமாத் துடைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. மேல பூரா முடி மாதிரி சின்ன விரிசல் இருந்தா வயசாகுதுன்னு அர்த்தம், பதற வேண்டியதில்லை. ரப்பரும் இரும்பும் சேர்ற இடத்துல நகம் நுழையற அளவுக்குப் பிளந்திருந்தா அது போச்சு. இடது பக்கம், வலது பக்கம் உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்க, ஒண்ணு அமுங்கியிருக்கும். போல்ட்டைச் சுத்தி செங்கல் நிறத்துல தூள் படிஞ்சிருந்தா இரும்பு இரும்போட உரசுதுன்னு அர்த்தம், அங்க போல்ட் லூசு. அப்புறம் சின்னக் கம்பி ஒண்ணைக் குடுத்து லேசா நெம்பிப் பாக்கலாம். நெம்பறேன்னு கடப்பாரையைக் குடுத்து அலுமினிய ஹவுசிங்கை ஒடைச்சவங்களும் உண்டு. எஞ்சின் ஓடுறப்ப எட்டிப் பாக்கோணும்னா தள்ளி நின்னு பாருங்க. துண்டு, வேட்டி நுனி எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. ஹோஸ் கசியுதான்னு கையை வெச்சுத் தடவவே கூடாது. ஊசி முனை ஓட்டையில வர்ற ஹைட்ராலிக் ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போயிரும், கையையே எடுக்கிற நிலைமைக்குக் கொண்டு போய் விட்டுரும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்க, போதும்.

அதிர்ற வண்டிக்கெல்லாம் ரப்பர்தான் காரணம்னும் சொல்ல முடியாதுங்க. ஒரு இன்ஜெக்டர் சரியா அடிக்கலைன்னாலும் மூணுல ரெண்டு சிலிண்டர்தான் வேலை செய்யும், வண்டி நொண்டும். பழைய மெக்கானிக்குகள் பைப் நட்டை ஒண்ணொண்ணாத் தளர்த்தி எந்த சிலிண்டர்னு கண்டுபிடிப்பாங்க. பழைய பம்பு வண்டிக்கு அது சரி. காமன் ரெயில் எஞ்சின்ல அந்த வேலையைச் செய்யவே கூடாது, அதுல இருக்கிற பிரஷர் ஆளையே காயப்படுத்திரும். அதையெல்லாம் பாத்துட்டு ரப்பருக்கு வாங்க. நல்ல ரப்பரைக் கழட்டிப் புதுசு போட்டுட்டு "இன்னும் அதிருது"ன்னு தலையில கை வெச்சு உக்காந்து பிரயோசனம் இல்லை.

மாத்துற வேலை ஒண்ணும் ராக்கெட் விடுறதில்லை. நல்ல மெக்கானிக்கும் ஒரு கை ஆளும் இருந்தா ஒரு பகல்ல தோட்டத்துலயே முடிச்சிரலாம். ஆனா மூணு நாலு விசயத்துல நம்மூர்ல பொதுவா அவசரம் காட்டுறாங்க. பேட்டரி நெகட்டிவைக் கழட்டாமலே கை வெக்கிறது. ஆயில் சம்புக்கு நேர் கீழ ஜாக்கியைக் குடுத்துத் தூக்கறது. சம்பு மெல்லிசு, நெளிஞ்சு போயிரும், உள்ள ஆயில் உறிஞ்சுற பைப்பை அடைச்சாலும் அடைச்சுரும். எஞ்சின் தூக்கறதுக்குன்னே மேல வளையம் குடுத்திருக்கான், அதுல செயின் பிளாக் மாட்டித் தூக்குங்க. மரக்கிளையில மாட்டாதீங்க, முக்காலியில மாட்டுங்க. ரப்பரை உருவி எடுக்கிற அளவுக்கு மட்டும் தூக்கினா போதும், ஒவ்வொரு விரக்கடை தூக்கறப்பவும் ஹோஸும் ஒயரும் இழுபடுதான்னு ஒரு ஆள் பாத்துக்கிட்டே இருக்கோணும். தூக்கி நிறுத்தின எஞ்சினுக்கு அடியில கையோ தலையோ விடக்கூடாது, மரக்கட்டையை அண்டைக் குடுத்துட்டுத்தான்.

பழைய போல்ட்டைத் திரும்பப் போடுற பழக்கமும் விடோணும். போல்ட் தலையில 8.8, 10.9-னு அடிச்சிருக்கும். அது அலங்காரம் இல்லை, இரும்போட பலம். 10.9 இருந்த இடத்துல கடையில கிடைச்ச மொட்டைத் தலை போல்ட்டைப் போட்டா ஒரு மாசத்துல கழுத்தோட ஒடிஞ்சு, பாதி உள்ள நிக்கும். அப்ப அதை ட்ரில் பண்ணி எடுக்கிறதுக்கு ஆகுற செலவுல நாலு செட்டு போல்ட் வாங்கலாம். எல்லாப் போல்ட்டையும் முதல்ல கையால திருகிட்டு, எஞ்சினை இறக்கி, அதோட எடையிலயே ரப்பர் மேல உக்கார விட்டுட்டு, அப்புறம்தான் இறுக்கோணும். தொங்கிட்டு இருக்கிறப்பவே இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும். புத்தகத்துல இருக்கிற அளவுக்கு டார்க் ரென்ச் வெச்சு இறுக்கி, பெயிண்ட்டால ஒரு கோடு போட்டு வெச்சுருங்க. கோடு விலகினா போல்ட் நகர்ந்திருக்குன்னு பாத்ததும் தெரியும். ஒரு வாரம் ஓட்டினதுக்கு அப்புறம் மறுபடி ஒரு தடவை பாத்துக்கலாம்.

எத்தனை மாத்தறது, ஒண்ணா நாலா? இதுல மெக்கானிக்குகளுக்குள்ளயே சண்டை. டீலர் ஆளுக நாலையும் மாத்தச் சொல்லுவாங்க, ஊர் மெக்கானிக் போனதை மட்டும் மாத்துனா போதும்பார். நான் டீலர் பக்கம்தான் இந்த விசயத்துல. ஒண்ணு பிரிஞ்சு போச்சுன்னா அதோட பாரத்தையும் சேத்துச் சுமந்தது மீதி மூணும்தான். காசுக்குக் கஷ்டம்னா எதிரெதிர் ரெண்டையாவது சோடியா மாத்துங்க. உழவு மாட்டுல ஒண்ணு இளசு, ஒண்ணு கிழடுன்னு பூட்டினா ஏர் எந்தப் பக்கம் இழுக்கும்னு நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிராக்கெட்டுல விரிசல் இருந்தா வெல்டிங் பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி அது வார்ப்பா, தகடான்னு பாருங்க. தகடுன்னா நல்ல வெல்டர் ஒட்டிக் குடுப்பார். வார்ப்பிரும்பைச் சாதாரண ராடு வெச்சு ஒட்டினா ஒட்டின இடத்துக்குப் பக்கத்துலயே மறுபடி விடும். எதுவா இருந்தாலும் வண்டியிலிருந்து கழட்டி எடுத்துட்டுப் போய் ஒட்டுங்க. வண்டி மேலயே பேட்டரி கழட்டாம வெல்டிங் வெச்சா ஆல்டர்னேட்டரோ எலக்ட்ரானிக் பெட்டியோ போக வாய்ப்பிருக்கு.

இப்ப முதல்ல சொன்ன பாதிக் காரணத்துக்கு வர்றேன்.

எங்க பக்கம் ஒரு மணி நேர வாடகை பேசறப்ப கடைசி அம்பது ரூபா வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறாங்க. பக்கத்து ஊர்க்காரன் குறைச்சுச் சொல்றான்னு ஒரு பேச்சு. வண்டி காலையில ஏழு மணிக்கு வரலைன்னா ஏழரைக்குள்ள பத்து போன். மத்தியானம் "வண்டி அதிருது, ஒரு நாள் நிறுத்திப் பாக்கோணும்"னு பையன் சொன்னா, "இன்னைக்கு என் வேலையை முடிச்சுட்டு நாளைக்கு நிறுத்திக்கோ"ங்கிறாங்க. நாளைக்கு அடுத்த தோட்டத்துக்காரர் அதையே சொல்றார். இப்படியே பதினஞ்சு நாள் போகும். அந்தப் பையனுக்குத் தவணைத் தேதி நிக்காது. வண்டி நின்னா வரவும் நிக்கும். அப்ப டயர் துண்டு அவனுக்குப் பைத்தியக்காரத்தனமாத் தெரியாது, புத்திசாலித்தனமாத்தான் தெரியும். வாடகையில தேய்மானத்துக்குன்னு ஒரு பங்கு இல்லைன்னா தேய்மானம் எங்கேயும் போயிராது, யார் தோட்டத்துலயோ ஹோஸ் வெடிக்கிறப்ப வந்து சேரும். டிராக்டர் வெச்சிருக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். தன் டிராக்டருக்கு ஆயில் மாத்த ஒரு நாள் ஒதுக்குற அதே ஆள், வாடகை வண்டிக்கு அரை நாள் குடுக்க மாட்டேங்கிறார்.

ஆப்ரேட்டரைப் பத்தியும் சொல்லோணும். பல வண்டியில ஓனர் ஒருத்தர், ஓட்டுறவர் இன்னொருத்தர். அதிர்வை முதல்ல உணர்றது ஓட்டுறவர் உடம்பு. சாயங்காலம் கை மரத்துப் போகுது, இடுப்பு புடிச்சுக்குதுன்னு சொன்னா "புதுசா ஓட்டுறியா?"ன்னு கேலி பண்றாங்க. இடுப்பு வலிக்கு எஞ்சின் ரப்பர் மட்டுமே காரணம்னு நான் சொல்லலை. கல்லுக் காட்டுல செயின் வண்டி நடக்கிறப்ப வர்ற குலுக்கல்தான் அதுல பெரிய பங்கு. ஆனா லீவர்ல இருக்கிற கை மரத்துப் போறது எஞ்சின்லேர்ந்து வர்ற படபடப்பு. ஐரோப்பாவுல 2002-லயே இதுக்கு ஒரு விதி போட்டுட்டாங்க: எட்டு மணி நேர வேலைக்கு உடம்பு முழுசுக்கும் வர்ற அதிர்வு இந்த அளவைத் தாண்டினா முதலாளி நடவடிக்கை எடுக்கோணும், அந்த அளவைத் தாண்டவே கூடாதுன்னு ரெண்டு எல்லை. இங்க அளக்கிற மிஷின் யாருகிட்ட இருக்கு? ஆப்ரேட்டரோட கைதான் மிஷின். அவர் சொன்னா நம்புங்க.

அடுத்தது பார்ட்ஸ். ஊர்ப்பையன் வண்டிக்கு ரப்பர் கேட்டப்ப ஒரு டீலர் பதினோரு நாள் ஆகும்னு சொல்லிட்டார். பேர் வேண்டாம், எல்லா இடத்துலயும் இதே கதைதான். பார்ட் நம்பர் என்னன்னு கேட்டா "வண்டியைக் கொண்டாங்க பாத்துக்கலாம்"ங்கிறாங்க. வண்டியை டெம்போவுல ஏத்தி அறுபது கிலோமீட்டர் கொண்டு போற வாடகை ரப்பர் விலையைத் தாண்டிரும். 2022-ல மத்திய அரசோட நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பாக்குற உரிமைக்குன்னு ஒரு குழு போட்டாங்க. அதுல முதல்ல எடுத்த நாலு துறையில விவசாயக் கருவியும் ஒண்ணு. நல்ல விசயம். ஆனா தோப்புல குழி எடுக்கிற இந்த வண்டி விவசாயக் கருவியா, கட்டுமானக் கருவியா? கட்டுமானம்ங்கிறாங்க, வேலை பாக்குறது பூரா வெள்ளாமைக் காட்டுல. நம்ம வேளாண்மைப் பொறியியல் துறையே மண் அள்ளுற வண்டிகளை விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுது. அப்புறம் என்ன சந்தேகம்?

எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணுமில்லைங்க. வண்டி விக்கிறப்பவே பார்ட்ஸ் படம் போட்ட புத்தகம் ஒண்ணு, தமிழ்ல. அதுல எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கோணும்ங்கிற அட்டவணை. செல்போன் கம்பெனிக்காரன் தமிழ்ல மெனு குடுக்கிறான், லட்சக்கணக்குல வாங்கற வண்டிக்கு இங்கிலீஷ் புத்தகம், அதுவும் செகண்ட்ஸ்ல வாங்கினா கிடையாது. ஊர் மெக்கானிக் கண்ணளவுல இறுக்குறார்னு குறை சொல்றதுல அர்த்தமே இல்லை, அவருக்கு அளவை யாரு குடுத்தாங்க?

ஒரிஜினல்தான் வாங்கோணுமான்னு கேட்டா, கட்டாயம் இல்லைன்னுதான் சொல்லுவேன். மவுண்டிங் ரப்பர் செய்யற நல்ல பட்டறைகள் இருக்கு. பழைய ரப்பரைக் கொண்டு போய், உயரம், போல்ட் அளவு, கடினம் மூணையும் பொருத்திக் குடுக்கச் சொல்லுங்க. கடினம்னு சொன்னதும் முழிச்சார்னா வேற கடை பாருங்க. அட்டைப் பெட்டியில வருசக்கணக்கா வெயில்ல கிடந்த ரப்பரும் வேண்டாம், போடுறதுக்கு முன்னாடியே கிழண்டு போயிருக்கும். விரலால வளைச்சுப் பாத்தா விளிம்புல விரிசல் தெரியும்.

எங்க தோட்டத்துல வர்ற மாசம் கிழக்கால காட்டுக்கு நாப்பது குழி எடுக்கோணும். அந்தப் பையன்கிட்ட பேசியாச்சு. மணி வாடகையோட, காலையில வண்டியைத் துடைச்சு ரப்பர், ஹோஸ், போல்ட் பாக்கிற அரை மணி நேரத்தையும் மீட்டர்ல சேத்துக்கச் சொல்லியிருக்கேன். வீட்டுல "நின்ன வண்டிக்கு எதுக்குக் காசு?"ன்னு ஒரு சத்தம் கிளம்பிருக்கு. அதை நான் பாத்துக்கறேன்.